படுவான்கரை இல்லாத தீவு

"குடுத்து வச்சவள் கா நீ."

போன வருசம் முழுக்க ஸ்டாஃப் ரூம்லயும் சந்தையிலயும் கோயில் வீதியிலயும் எனக்கு இதுதான் கிடைச்சுக்கொண்டே இருந்தது. மனிசன் மாலைதீவில வேலை, இப்ப பொண்டாட்டி புள்ளையையும் அங்க வந்து இருக்கச் சொல்லிக் கேக்கிறாராம் எண்டு கதை கசிஞ்சதுதான் தாமதம், மட்டக்களப்பில கல்லடில இருந்து ஆரையம்பதி வரைக்கும் என்ட சொந்தக்காரர் எல்லாருக்கும் கண்ணுக்கு முன்னால ஒரே படம்தான். தண்ணிக்கு மேல கால் நட்டுக் கட்டின குடில், நீலக் கடல், வெள்ளை மணல், அதுல கையக் கோர்த்துக்கொண்டு நடக்கிற வெள்ளைக்காரச் சோடி. அந்தக் குடிலுக்குள்ள ஷவரைத் திறந்தா வாற தண்ணி எங்க இருந்து வருது எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்ல. கடல் தண்ணிய மெசின்ல அழுத்தி உப்பைப் பிரிச்சு அனுப்புற ஆள்தான் என்ட மனிசன். ஆர்.ஓ. பிளான்ட் டெக்னீசியன். ஹனிமூன் போட்டோ ஒண்டிலயும் வர மாட்டார்.

இவர் முதல்ல பாசிக்குடாவில ஒரு ஹோட்டல்ல மெயின்டனன்ஸ்ல இருந்தவர். யுத்தம் முடிஞ்சு அந்தக் கரையில வரிசையா ஹோட்டல் எழும்பின காலம், நல்லாத்தான் போச்சுது. மறுகா 2019 ஈஸ்டர் குண்டு, அடுத்த வருசம் கொரோனா, அது முடியுது எண்டு மூச்சு விட 2022. டொலர் 200 ரூபாவில இருந்து 360க்குத் தாவினப்ப, பெற்றோல் கியூவில நிண்டது போக மிச்ச நேரத்தில நாங்க ரெண்டு பேரும் யோசிச்சது ஒண்டுதான், டொலர்ல சம்பளம் குடுக்கிற இடத்துக்கு ஆராவது ஒராள் போகோணும். இவர் போனார். முதல் போன இடத்தில மூணு மாசச் சம்பளத்த இழுத்தடிச்சாங்கள், அந்த இடத்திட பேர் இஞ்ச வேணாம், அத விட்டுட்டு வேற ரிசோர்ட்டுக்கு மாறினாப் பிறகு பரவாயில்ல.

அப்பதான் மாஃபுஷி எண்ட தீவில கெஸ்ட் ஹவுஸ் நடத்துற ஒராள் இவரக் கூப்பிட்டிருக்கார். தங்க ரெண்டு அறை தாறன், குடும்பத்தக் கூட்டிட்டு வா எண்டு. நான் கணக்கு டீச்சர், இங்கிலிஷ் மீடியமும் படிப்பிக்கிறன், அங்கத்த ஸ்கூல்கள்ல இலங்கை டீச்சர்மார் கனகாலமா வேலை செய்யுறாங்க, அப்ப எனக்கும் ஒரு சான்ஸ் இருக்கு. அரசாங்க வேலையையும் விடத் தேவையில்ல, 2022ல கொண்டுவந்த சுற்றறிக்கைப்படி வெளிநாட்டு வேலைக்கு அஞ்சு வருசம் வரை சம்பளமில்லாத லீவு எடுக்க ஏலுமா இருந்தது. எல்லாமே பொருந்தி வாற மாதிரி. இவர் போன்ல சொன்னார், "புள்ள, நாலு வருசம் ரெண்டு பேரும் உழைச்சா கடன் முடியும், மிச்சமும் வரும், மகளுக்கு அப்பா பக்கத்தில இருப்பார். வேற என்ன வேணும்?"

என்ன வேணும் எண்டு எனக்கே சரியாச் சொல்லத் தெரியல்ல. அதால முதல்ல போய்ப் பாப்பம் எண்டு சொன்னன்.

வெளியூர் ஆக்கள் இத வாசிச்சா, இதுல என்ன பெரிய யோசனை, மனிசன் கூப்பிட்டாப் போறதுதானே எண்டு நினைப்பாங்க. மட்டக்களப்பில கதை வேற. இஞ்ச வீடு பொம்புளைப் புள்ளைக்கு. கலியாணம் முடிச்சா மாப்பிள்ளதான் பொண்டாட்டிட வீட்டுக்கு வாறவர். அப்பா தோணியில போய் உழைச்ச காசும் அம்மாட நகையும் சேந்து எழும்பினதுதான் கல்லடில நான் இருக்கிற வீடு, அக்காக்குத் திருக்கோவில் பக்கம் ஒண்டு. குடியும், அதாவது வம்சமும், எங்களுக்குத் தாய்வழிதான். அப்ப பொம்புளை வீட்டப் பூட்டிட்டுப் போறது எண்டுறது இஞ்ச ஒரு ஆள் போறது மட்டுமில்ல, ஒரு முளையக் கழட்டுற மாதிரி. அம்மா வாயால ஒண்டும் சொல்லல்ல, ஆனா அந்த வாரம் முழுக்க முத்தத்தக் கூட்டிக்கொண்டே இருந்தா.

மாரி காலத்து லீவில போனம். இஞ்ச முத்தத்தில தண்ணி நிக்குது, புள்ளைட சப்பாத்து நனைஞ்சு, இரவு பஸ்ல கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போய்ச் சேர எட்டு மணித்தியாலம். அங்க இருந்து மாலேக்குப் பிளேன் ஒண்டரை மணித்தியாலம். இத நான் எல்லாருக்கும் சொல்லுறன், எங்களுக்கு மாலைதீவு தூரமில்ல, கொழும்புதான் தூரம். இறங்கினா வெயில் எண்டா அப்பிடி ஒரு வெயில். அதே வாடைக்காத்துதான், எங்களுக்கு மழையும் வெள்ளமும், அவங்களுக்கு நல்ல காலம். இருவை எண்டு அதுக்கு அவங்கட பேர். இஞ்ச கச்சான் அடிச்சு நாங்க காயுற மாசங்கள்ல அங்க மழை.

எயார்போட் வாசல்ல பஸ் நிக்கிற மாதிரி போட் நிக்குது. ஹுல்ஹுலே எண்ட தீவு முழுக்கவே எயார்போட், பக்கத்தில மாலே, மற்றப் பக்கம் ஹுல்ஹுமாலே. மூண்டையும் 2018ல திறந்த சினமாலே பாலமும் ரோட்டும் சேர்க்குது. முதல் ரெண்டு நாள் ஹுல்ஹுமாலேயில இவருக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்தோட தங்கினம். அந்தத் தீவே மனிசன் செஞ்சது, 1997ல கடலுக்குள்ள மணல் கொட்டத் தொடங்கி, 2004ல முதல் ஆக்களக் குடியேத்தினாங்களாம். நேர்நேரா ரோட், அடுக்கு மாடி, பார்க். கொழும்பில ஒரு துண்டத் தூக்கிக் கடல்ல வச்ச மாதிரி. வீட்டு வாடகை விசாரிச்சம், சும்மா ஒரு ரெண்டு அறை வீட்டுக்கு 15,000 ருபியா சொன்னாங்க. எங்கட காசில கிட்டத்தட்ட மூணு லெச்சம். அம்மாக்கு இத நான் இன்னும் சொல்லல்ல. மாலே இன்னும் மோசம், ரெண்டு சதுர கிலோமீட்டர் அளவுதான் ஊரு, அதுக்குள்ள லெச்சக்கணக்கில சனம், மோட்டர்பைக் ஒண்டோட ஒண்டு முட்டிக்கொண்டு நிக்குது, ரோட்டுக் கடக்க மகள் என்ட சாறிய விடவே இல்ல.

மாஃபுஷிக்குச் சாதாரண ஃபெரியில ஒண்டரை மணித்தியாலம். ஸ்பீட் போட் எண்டா அரை மணித்தியாலம் சொச்சம், ஆனா அது டூரிஸ்ட் விலை. போய்ச் சேந்ததும், பொய் சொல்லக் கூடாது, எனக்குப் புடிச்சுப் போச்சு. அந்தத் தண்ணிட நிறத்தக் கண்டிட்டு "பாசிக்குடாவிலயும் இருக்கு" எண்டு ஒரு வீம்புக்குச் சொன்னன், இவர் சிரிச்சார். பாசிக்குடாவில இருக்குத்தான். ஆனா இப்பிடி இல்ல.

அங்க எனக்கு மெத்தப் புடிச்ச விசயம் என்னெண்டா ஆரும் நம்ப மாட்டீங்க. நாய் இல்ல. மாலைதீவில நாய் வளக்கத் தடை. என்ட மகளுக்கு நாயெண்டா அப்பிடி ஒரு பயம், கல்லடில டியூசனுக்கு நடந்து போற 400 மீட்டருக்கு மூணு தரம் கிறுகிப் பாப்பாள். அங்க ரெண்டாம் நாளே தனியக் கடைக்குப் போய்ட்டு வந்தாள். வாகன நெருக்கடி இல்ல, பொம்புளைப் புள்ளைகள் இருட்டினாப் பிறகும் சைக்கிள் ஓடுதுகள். பின்னேரம் ஆனா கடற்கரையில கம்பிச் சட்டத்தில கயித்து வலை பின்னிக் கட்டின கதிரைகள்ல பொம்புளைகள் வரிசையா இருந்து கதைப்பாங்க, ஜோலி எண்டு அந்தக் கதிரைக்குப் பேர். என்னையும் கூப்பிட்டு இருத்தினாங்க. அவங்கட திவேகிப் பாசையில எண்ணிக்கை கேட்டா எக்கே, தே, தின், ஹதரு, ஃபஸ் எண்டுறாங்க. சிங்களம் ஒழுங்கா வராத எனக்கே அது சிங்களத்திட ஒண்டுவிட்ட தங்கச்சி எண்டு விளங்கிச்சு. எழுதுறது மட்டும் வலமிருந்து இடம், தானா எழுத்து.

காலைச் சாப்பாடு ரொஷியும் மஸ் ஹுனியும். தேங்காப்பூ, வெங்காயம், கொச்சிக்கா, தேசிக்காப் புளி, சூரை மீன் பிசைஞ்சது, எங்கட மாசிச் சம்பலத் தவிர வேற ஒண்டுமில்ல. நாங்க இஞ்ச சந்தையில மாசி மாசி எண்டு வாங்குற கருவாடே காலம் காலமா அங்க இருந்து வந்த சாமான்தானே, அவங்கட பாசையில மீனுக்கே மஸ் எண்டுதான் பேர். பழைய சொந்தக்காரர் வீட்டுக்குப் போன மாதிரி ஒரு உணர்வு வந்தது.

மூண்டாம் நாள் காலையில மகள் கேட்டாள், "அம்மா, இந்த வீடுகளுக்குப் பின்னால என்ன?" வா பாப்பம் எண்டு கூட்டிக்கொண்டு நடந்தன். நாலு நிமிசம் நடந்திருப்பம். பின்னாலயும் கடல். தீவிட நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம், அகலம் முந்நூறு மீட்டருக்குள்ள, அதுலயும் ஒரு பக்கம் ஜெயில், ஒரு பக்கம் தட்டி வச்சு மறைச்ச பிகினி பீச். ஊராக்கள் இருக்கிற கரையில டூரிஸ்ட்டும் உடுப்போடதான் நிக்கோணும், மற்றதெல்லாம் அந்த மறைப்புக்குள்ள. குடி வேணுமெண்டா தள்ளி நங்கூரம் போட்டு நிக்கிற போட்டுக்குப் போகோணும், தீவில மது இல்ல. கெட்டித்தனமான ஏற்பாடுதான், 2009க்குப் பிறகு ஊர்த் தீவுகள்ல கெஸ்ட் ஹவுஸ் விட்டப்ப ஊரும் கெடாம காசும் வரோணும் எண்டு யோசிச்சிருக்காங்க. அதுக்கு முதல் கனகாலம் டூரிஸ்ட்டுக்கு எண்டு தனித் தீவு, சனத்துக்கு எண்டு தனித் தீவு.

ஆனா மகள் கேட்ட கேள்வி என்ன விட்டுப் போகல்ல. இதுக்குப் பின்னால என்ன?

பிறகு பாத்ததெல்லாம் அந்தக் கண்ணாலதான் பாத்தன். கடையில ஒரு கத்தரிக்கா, ஒரு கட்டுக் கீரை, விலையக் கேட்டா நெஞ்சு அடைக்கும், ஏனெண்டா வெங்காயம் இந்தியாவில இருந்து, மரக்கறி எங்கட நாட்டில இருந்து, அரிசி முட்டை எல்லாம் கப்பல்ல. அரிசி, முட்டை, உருளைக்கிழங்கு ஒவ்வொரு வருசமும் இவ்வளவு தாறம் எண்டு இந்தியா கோட்டா போட்டுக் குடுக்குது. கரண்டுக்கு டீசல், அதுவும் கப்பல்ல. குடிக்கிற தண்ணிக்கு மெசின், மெசினுக்கு அந்தக் கரண்ட். 2014 டிசம்பர்ல மாலேயில தண்ணி பிளான்ட்ல நெருப்புப் பிடிச்சு ஊருக்கே குடிக்கத் தண்ணி இல்லாமப் போய் இந்தியாவும் இலங்கையும் தண்ணி அனுப்பினது. மண்ணுக்குக் கீழ நல்ல தண்ணி கொஞ்சம் இருக்குத்தான், கடல் தண்ணிக்கு மேல மெல்லிசா மிதக்கிற ஒரு படை, அள்ளி அள்ளி எடுத்தா உப்பு ஏறிப்போகும். கல்லடியும் மணல்தான், எங்கட கிணறும் அதே சங்கதிதான், ஆனா எங்கட கிணறு பழுதாப்போனா தண்ணி பவுசர் உன்னிச்சைப் பக்கத்தில இருந்து வரும். அங்க எங்க இருந்து வரும்?

சாமி விசயத்தையும் சொல்லோணும், அது சின்ன விசயமில்ல. வணக்கத்துக்கு எண்டு சிலை விக்கிரகம் ஒண்டும் நாட்டுக்குள்ள கொண்டுபோக ஏலா. அது அவங்கட சட்டம், அவங்கட நாடு, எனக்கு அதுல வாதமில்ல. ஆனா வைகாசி வந்தா கண்ணகி அம்மன் கோயில்ல கதவு திறந்து சடங்கு நடந்து குளுத்தி பாடுற வரைக்கும் வீட்டில மீன் சட்டி ஏத்தாத ஆக்கள் நாங்க. அந்த ஏழெட்டு நாளும் நான் அங்க இருந்து என்ன செய்யுற? போன்ல லைவ் பாக்கிறதா?

அங்க ஒரு டீச்சரச் சந்திச்சன், காத்தான்குடி ஆள், புருசனும் அங்கதான் வேலை, வந்து கனகாலம். எனக்கு மனசுக்குள்ள ஒரு நினைப்பு, அவவுக்கெல்லாம் லேசா இருக்கும், பள்ளிவாசல் பக்கத்தில, நோன்பு பெருநாள் எல்லாம் ஊரோட சேந்து. கேட்டன். "அது உண்மதான் தங்கச்சி, அந்த ஆறுதல் பெரிசுதான். ஆனா எண்ட புள்ளைகளப் பாருங்க, திவேகியில சண்ட புடிக்குதுகள், இங்கிலிஷ்ல ஹோம்வேர்க் செய்யுதுகள், தமிழ்ல சோறு மட்டும் கேக்குதுகள்" எண்டா. அவட மூத்தவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வராதாம். உம்மாக்கு வொய்ஸ் மெசேஜ் மட்டும் போடுவானாம். ஸ்கூல்ல பாடமெல்லாம் இங்கிலிஷ்ல, அதோட திவேகியும் இஸ்லாமும், தமிழுக்கு அதுல இடமில்ல, இருக்க நியாயமும் இல்ல. என்ட மகள் அப்ப மூண்டாம் ஆண்டு. கையெழுத்து இப்பதான் உருப்பட்டு வருது.

கடைசி இரவு இவரும் நானும் துறைமுகக் கட்டில இருந்து கதைச்சம். நான் ஒளிக்காமச் சொன்னன், "எனக்கு இதுக்குப் பின்னால ஒண்டும் இல்லாததுதான் பயம்." இவருக்கு விளங்கல்ல. இவர் வாழைச்சேனை ஆள், அதால மட்டக்களப்புப் பாசையில சொன்னன், "இது முழுக்க எழுவான்கரை. படுவான்கரை இல்ல."

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கால கடலோட ஒட்டின நீட்டுத் துண்டு எழுவான்கரை, சூரியன் எழும்புற கரை. மேற்கால, சூரியன் படுற பக்கம், வயலும் குளமும் பட்டியும் காடும் உள்ளது படுவான்கரை. எங்களுக்கு அது ரெண்டும் திசை மட்டுமில்ல. கடை, ஸ்கூல், ஆஸ்பத்திரி, கந்தோர், ஹோட்டல் எல்லாம் இந்தக் கரையில. அரிசி, தயிர், விறகு, கூத்து, கொக்கட்டிச்சோலைத் தேர் எல்லாம் அந்தக் கரையில. மண்முனைக்கு 2014ல பாலம் போடுற வரைக்கும் பாதை எண்டுற மிதக்கிற தட்டிலதான் கடந்தது, குருமண்வெளில இருந்து மண்டூருக்கு நான் சின்னதில போனதெல்லாம் பாதையிலதான், பஸ்ஸும் மோட்டர்சைக்கிளும் ஆடும் மாடும் எல்லாம் அந்த ஒரு தட்டில. என்ட அம்மம்மா மண்டூர் ஆள். அம்மாக்கு அங்க இன்னும் ரெண்டு ஏக்கர் வெள்ளாமை. எந்தக் கஸ்டத்திலயும் அந்தப் பக்கத்தில இருந்து ஒரு மூட்டை அரிசி வந்திருக்கு, 2022லயும் வந்தது. அதப் போல அந்தப் பக்கம் குண்டும் செல்லும் விழுந்தப்ப அவங்க எங்கட வீட்டுக்கு வந்திருக்காங்க.

2004 டிசம்பர் 26, எனக்கு 14 வயசு. கடல் வந்தப்ப எந்தப் பக்கம் ஓடுற எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல, கால் தானா மேற்கால கிறுகிச்சு. பாலத்தால ஓடி டவுனுக்கு, அங்க இருந்து மறுகா மூண்டாம் நாள் மண்டூருக்கு. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில்ட கோபுரம் சரிஞ்சு நிண்டத நாங்க திரும்பி வந்துதான் கண்டம். மாலைதீவில இயற்கையான மேடெல்லாம் சேத்துப் பாத்தாலும் ஆக உயரம் ரெண்டரை மீட்டருக்குள்ள. ஓடுறதெண்டா எங்க ஓடுற?

இவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டுச் சொன்னார், "நீ கணக்கு டீச்சர் தானே, கணக்கச் சொல்லு. அண்டைக்கு இஞ்ச எத்தின பேர் செத்தது?" எனக்குத் தெரியும். நூறு சொச்சம், காணாமப் போன ஆக்களையும் சேத்து. "எங்கட பக்கம்?" அம்பாறையில மட்டும் பத்தாயிரத்துக்கு மேல. மட்டக்களப்பில ஆயிரக்கணக்கில. இவர் ரிசோர்ட்ல கேட்டுப் படிச்சு வச்சிருக்கார், இந்தத் தீவுகள் ஆழ்கடல்ல இருந்து செங்குத்தா எழும்பினது, அலை ஏறி உயர ஆழம் குறைஞ்ச தரை முன்னால நீண்டு கிடையாது, அதால தண்ணி உயர எழும்பாமத் தீவுக்கு மேலால ஏறிக் கடந்து போச்சு எண்டு. "ஓட இடமிருந்த ஊரிலதான் கனபேர் செத்தது புள்ள."

அதுக்கு என்னட்ட பதில் இல்ல. இண்டைக்கும் இல்ல. கணக்குப்படி இவர்தான் சரி.

ஆனா ஒண்டு சொன்னன். றா அட்டோல் எண்ட தீவுக்கூட்டத்தில கந்தொல்ஹுதூ எண்ட தீவு அந்த அலையில அழிஞ்சு போய், ஊரோட எல்லாரும் கனவருசம் அங்கயும் இஞ்சயும் இருந்திட்டு, துவாஃபரு எண்ட வேற தீவுக்குப் போய்க் குடியிருந்தாங்க. எங்கட நாவலடி ஆக்களையும் திராய்மடுவில குடியேத்தினதுதான், ஆனா திராய்மடுவில இருந்து நாவலடிக்கு இண்டைக்கும் சைக்கிள்ல போய் வலை வளைச்சிட்டு வரலாம். அவங்க கடல் தாண்டிப் போனாங்க. அவங்கட நாடு, அவங்களுக்கு அங்க இன்னொரு தீவு கிடைக்கும். எங்களுக்கு அங்க என்ன கிடைக்கும்? வேர்க் பேர்மிட் முடிஞ்சா நாங்க வந்த போட்ல திரும்புறதுதான். 2020 மார்ச்ல டூரிஸ்ட் விசாவ மூடி ஜூலை 15க்குத்தான் திரும்பத் திறந்தது, அந்த மூணரை மாசமும் வெளிநாட்டு வேலைக்காரர் பட்ட பாட்டை இவரோட வேலை செய்யுற ஆக்கள் கதை கதையாச் சொல்லுவாங்க.

டூரிஸ்ட் ஊர் எண்டு எடுத்தா எங்கட பக்கமும் ஒண்டும் குறைவில்ல. எங்கட நாடே ஒரு தீவுதானே, அயத்துப்போய்க் கதைக்கிறம். அக்காட புருசன் அறுகம்பேயில சீசனுக்குத் திரீவீல் ஓடுறவர், சர்ஃப் போர்டை மேல கட்டிக்கொண்டு விடியக்காலமை நாலரைக்கு வெள்ளைக்காரப் பொடியன்களப் பாணமைப் பக்கம் அலைக்கு ஏத்திட்டுப் போவார். சித்திரை வைகாசியில தொடங்கி ஐப்பசியோட சரி. பிறகு போனீங்கண்டா அதே ரோட்டில நாய் மட்டும்தான் படுத்திருக்கும். 2024 ஒக்டோபர்ல அமெரிக்கத் தூதரகம் ஒரு எச்சரிக்கை விட்டதோட சீசன்ட வால் ஒரே நாள்ல அறுந்துது, அத்தான் திரீவீல வீட்டில விட்டிட்டு அடுத்த கிழமை வயலுக்கு இறங்கினார். மழை வாற நேரம், மாரி வெள்ளாமைக்கு விதைக்கிற காலம். டூரிஸ்ட் போற மாசமும் விதைக்கிற மாசமும் அங்க ஒண்டு. அத ஒருத்தரும் திட்டம் போட்டுச் செய்யல்ல, காத்துச் செஞ்ச வேலை. ஆனா வெளில இருந்து வந்து லீசுக்கு எடுத்து கஃபே போட்ட ஆக்களுக்கு அந்த வயல் இல்ல, அவங்க அந்த மாசமே கொழும்புக்கு ஏறிட்டாங்க.

இத வாசிச்சிட்டு ஊர்ப்பாசத்தில புலம்புறாள் எண்டு நினைக்க வேணாம். படுவான்கரையில இருட்டினா ஆனைக்குப் பயந்து சனம் வெளிய இறங்காது, மாமாட வாழைத் தோட்டத்த ரெண்டு தரம் துவம்சம் பண்ணிட்டுப் போச்சு. மாரியில வெள்ளம், ஆனியில கச்சான் காத்து அடிச்சா வீட்டுக்குள்ள இருக்க ஏலா, மாத்தி மாத்தி டெங்கு. என்ட சம்பளம் கடனுக்கும் டியூசனுக்கும் சரி. மகள் அப்பாவ ஸ்கிரீன்லதான் காணுறாள், ஒருநாள் போன்ல கரைச்சல் வந்து படம் உறைஞ்சு நிண்டப்ப "அப்பா சிரிச்சுக்கொண்டே நிக்கிறார்" எண்டு ஃபோனத் தலைமாட்டில வச்சிட்டு நித்திரையாப் போனாள். அதப் பாத்த அண்டைக்கு நான் போறதெண்டே முடிவெடுத்தன். ரெண்டு நாள் அந்த முடிவோட இருந்தன், லீவு ஃபோமும் எடுத்து பேர் எழுதிட்டன்.

பிறகு அத மடிச்சு கணக்குக் கொப்பிக்குள்ள வச்சன். கிழிக்கல்ல.

இப்ப வரைக்கும் முடிவு இப்பிடி இருக்கு. நாங்க போகல்ல. இவர் மாஃபுஷி வேலைய எடுத்திட்டார், தனியா. மகளுக்கு அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்சிப் முடிய வருசத்தில ஒரு நீட்டு லீவுக்கு நாங்க அங்க போவம், ஒரு மாசம், விருந்தாளியா. நாயில்லாத ரோட்டில அவள் சைக்கிள் ஓடட்டும். பாசிக்குடாவில ஒரு ஹோட்டல்ல ஆள் எடுக்கிறாங்களாம் எண்டு கேள்வி, சம்பளம் பாதிதான் வரும், இவர் யோசிக்கிறன் எண்டிருக்கார். "யோசிக்கிறன்" எண்டா இவர்ட பாசையில வேணாம் எண்டு அர்த்தம், ஆனா இந்த முறை ரெண்டு தரம் சொன்னார்.

போன கிழமை மண்டூருக்குப் போய் வந்தம், அம்மாட வயல் வெட்டு முடிஞ்சு எங்கட பங்கு நெல்லக் குத்தி வாங்க. பாதை நிறைய சனம், மகள் ஓரத்தில நிண்டு தண்ணியப் பாத்துக்கொண்டு வந்தாள். இவரோட வேலை செய்யுற பொடியன் ஒராள் லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழமை ஏறுறான், 30 கிலோ கொண்டுபோகலாமாம், அவன்ட சாமான் 22. மிச்ச எட்டுக்கும் சிவப்பரிசி கட்டச் சொல்லி இவர் மெசேஜ் போட்டிருந்தார். அம்மா தராசில எட்டு நிறுத்திக் கட்டிட்டு, பிறகு கட்ட அவிழ்த்து இன்னும் ரெண்டு சுண்டு போட்டா. கூடிப்போகும் அம்மா, எயார்போட்ல எடுத்து வெளிய போடுவாங்க எண்டன்.

"போட்டாப் போடட்டும்" எண்டிட்டு வாயக் கட்டினா.